பின்வாசல் இருந்த சுவர்

ஆலங்காயத்துக்கே குடிபோய்விடுவது என்று ஜெபகனி முடிவெடுத்து, அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அவன் போன் செய்தான்.

"மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ்."

கணவர் இறந்த பிறகு ஆம்பூரில் அந்தப் பெரிய வீட்டில் ஜெபகனி தனியாகத்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பக்கத்து வகுப்பில் தமிழ் எடுத்த பாரதி, ரிட்டயர் ஆனதும் ஆலங்காயத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. "ஒரு ரூமு, ஒரு கிச்சன். பெருக்கறதுக்குக்கூட பெருசா ஒண்ணும் இல்ல. வந்துடுடி, ரெண்டு பேரும் சாயங்காலம் காலாற நடக்கலாம்" என்று வாரம் தவறாமல் கூப்பிட்டாள். கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிவிட்ட ஜெபகனிக்கு, அந்த ஒரு ரூமை நினைத்தாலே நெஞ்சு லேசாகிவிடும்.

ஷாஜின் அவளுடைய ஒரே மகன். ஜெர்மனியில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனர். அவன் சர்ப்ரைஸ் என்று அனுப்பியது வீட்டின் படம். அவள் வீடுதான் என்று அவளுக்கே பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று.

"ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்கற சுவத்த எடுத்துடறோம். கிச்சன் ஃபுல்லா கறுப்பு. எதிர்ல தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் கல்லுல ஒரு ஃபயர்பிளேஸ். கதவத் தொறந்தவங்க அப்படியே நின்னுடணும்மா."

"ஆம்பூருக்கு எதுக்குடா ஃபயர்பிளேஸ்? இங்க அடிக்கற வெயில் போதாதா?"

"சும்மா லுக்குக்குத்தான். கரண்ட்ல எரியற நெருப்பு, சூடு வராது." அவன் குரல் இறங்கியது. "அப்பா போனதுலேர்ந்து நீ அந்த இருட்டு கிச்சன்ல தனியா நிக்கறத நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லமா."

ஆலங்காயம் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் வேலூரிலிருந்து அபினேஷ் ஆட்களோடு வந்து இறங்கிவிட்டான். இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவன், நல்ல பையன், அவளை டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். முதல் நாளே சுவரை உடைத்தார்கள். பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. அவளும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் படுக்கையறைக்குள் போனார்கள். தூசி வராமல் இருக்கக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிவிட்டார்கள். பாத்ரூம் தண்ணீரைப் பிடித்துக் கட்டிலோரம் சோறு வடித்துச் சாப்பிட்டாள். ஷீட்டுக்கு அந்தப்பக்கம் ஆட்கள் நிழல் நிழலாக நடமாடுவார்கள்.

வேலையைப் பார்ப்பதற்காக ஷாஜின் ஹால் மூலையில் ஒரு கேமரா மாட்டச் சொல்லியிருந்தான். அதிலிருந்து அவன் பேசவும் செய்வான். அவள் ஷீட்டை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் போதும். "மா, செருப்பு போட்டுக்கோ, ஆணி கெடக்கும்" என்று தலைக்கு மேலிருந்து சத்தம் வரும். அன்பாகத்தான் சொல்வான். அவள் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டுவாள்.

ஃபயர்பிளேஸ் கட்ட அபினேஷ் கோடு போட்ட அன்றுதான் அவளுக்குப் பகீரென்றது. கோடு பின்வாசலின் மேலேயே போயிருந்தது.

"அபினேஷ், இது கதவுப்பா."

"ஆமா டீச்சர். டிராயிங்ல அடைக்கச் சொல்லித்தான் இருக்கு. நடு சென்டர்ல வந்தாத்தான் எடுப்பா இருக்கும்னு சார் சொன்னாரு."

அந்தக் கதவு வழியாகத்தான் அவள் துணி காயப்போடப் போவாள். மதில் பக்கம் போய் நின்றால் அடுத்த வீட்டு வஜீதாவும் வந்து நிற்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள் இருவரும் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். 'வேண்டாம்' என்று சொல்ல ஜெபகனி வாயைத் திறந்தாள். "எப்படி இருக்கு மா?" என்று மேலிருந்து மகன் கேட்டான். குரலில் அத்தனை சந்தோஷம். "நல்லா இருக்குப்பா" என்றாள். சாயங்காலத்துக்குள் கதவு நிலை வரைக்கும் செங்கல் ஏறிவிட்டது.

கல் பதிக்கும்போது பாரதி போன் செய்தாள்.

"ஜெபா, ஒரு பேங்க்காரர் வந்து மாடியக் கேக்கறார்டி. குடும்பத்தோட வர்றாராம். இன்னா சொல்லட்டும்? நீ வர்றேன்னா இப்பவே இல்லன்னுடறேன்."

கல் வெட்டும் மெஷின் காதைப் பிளந்தது. கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது, மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். எதிரே ஆள் உயரத்துக்கும் மேலே கறுப்புக் கல் எழும்பி நின்றது. இவ்வளவையும் தனக்காகக் கட்டுகிறவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"குடுத்துடு பாரதி" என்றாள்.

"நெஜமாவா சொல்ற?"

"குடுத்துடு."

"யாருமா போன்ல?" என்றது மேலிருந்த குரல்.

"பாரதி. சும்மாதான்." படுக்கையறைக்குள் போய், ஷீட்டை இழுத்துவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.  

வீட்டு வேலை முடிந்ததும் ஷாஜின் ஜெர்மனியிலிருந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். சபை மக்கள் உள்ளே வந்ததும், அவன் ஆசைப்பட்டபடியே, அப்படியே நின்றார்கள். குளிர் ஊர் மாதிரி இருக்கட்டும் என்று ஏசியைக் கூட்டி வைத்து நெருப்பை ஏற்றினான். கறுப்புக் கல் பூராவும் செம்மஞ்சளாக அலையடித்தது. வஜீதா தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்திருந்தாள். "மாஷா அல்லாஹ், சினிமால வர்ற வீடு மாதிரி இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ஜெபகனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா இனிமே உன்ன எங்க வந்து பாக்கறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் ஷாஜின் எல்லோருக்கும் முன்னால் சொன்னான்: "எங்க அம்மா இனிமே இந்த வீட்ட விட்டு எங்கயும் போக வேணாம். அவங்களுக்கு வேணுங்கறது எல்லாம் இங்கயே இருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபகனியும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் அவன் போனை எடுத்தான். "மா, நெருப்பு பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ. கொஞ்சம் சிரியேன்."

அவள் போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்த இடம். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"என்னமா?"

"நான் ஆலங்காயத்துக்குப் போலாம்னு இருந்தேன்டா" என்றாள். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. பாரதி, மாடி, பேங்க்காரர், பிளாஸ்டிக் ஷீட், பின்வாசல் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள்.

ஷாஜின் போனைக் கீழே இறக்கினான். "ஆரம்பத்துலயே ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம்ல? இத யாருக்காகப் பண்ணேன்?"

"எனக்காகத்தான்டா. அதனாலதான் சொல்ல முடியல."

"அப்போ இந்த வீடு?"

"வாடகைக்கு விடலாம். நல்ல குடும்பமா வரட்டும்."

"வேற யாரோ வந்து இதுல குடியிருப்பாங்க?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மறுநாள் பெட்டி அடுக்கும்போதும் பேசவில்லை. காரில் ஏறும்போது மட்டும் வழக்கம்போல அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான். கார் போன பிறகு ஜெபகனி அந்தக் கறுப்புச் சமையலறையில் வெகுநேரம் நின்றாள். மகனை நோகடித்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

சென்னை விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. 

"ஆலங்காயத்துல வேற வீடு கெடைக்குமா?"

"தெரியலப்பா. தேடணும்."

"கீழ் வீடா பாரு, மாடி வேணாம். உனக்கு முட்டி வலி." "தண்ணி எப்படின்னு கேட்டுக்கோ. இங்க மாதிரி உப்பா இருக்கப் போகுது."

"கேட்டுக்கறேன்" என்றாள். போனை வைத்துவிட்டுப் பாரதியைக் கூப்பிட்டாள்.

வீடு அவ்வளவு லேசில் கிடைத்துவிடவில்லை. ஒன்றில் வெளிச்சமில்லை, இன்னொன்றின் ஓனருக்குத் தனி ஆளுக்குக் கொடுக்க இஷ்டமில்லை. மழைக்காலம் வந்தும் ஜெபகனி ஆம்பூரில்தான் இருந்தாள். சனிக்கிழமை காலையில் கையில் குடையோடு வாணியம்பாடிக்கு பஸ் ஏறி, அங்கே மாறி ஆலங்காயம் போவாள். ஸ்டாண்டில் பாரதி நின்றிருப்பாள். "வா, பள்ளிவாசல் தெருவுல ஒண்ணு சொல்லி இருக்காங்க" என்பாள். இருவரும் சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடப்பார்கள்.