ஒத்துக்கோ

எங்கள் நாடகக் குழுவில் என் தம்பி எல்லோருக்குமே தம்பிதான். அவனைவிட மூத்த லைட்டுக்காரருக்கும் தம்பி, வயதில் சின்னவளான டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்கும் தம்பி. அவள் மட்டும் மரியாதைக்கு ஒன்று சேர்த்து 'தம்பியண்ணன்' என்பாள். முன்மண்டை வழுக்கையாகி, முட்டிவலியும் வந்த பிறகு ஒருவனைத் தம்பி என்று கூப்பிடலாமா என்று யாரும் யோசித்ததில்லை. அக்கா என்று நான் ஒருத்தி கல்லுக்குண்டாய் இருக்கும்போது அவன் வேறு யாராக இருக்க முடியும்?

அன்று சாயங்காலம் அந்தத் தம்பிமேல் நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அரங்கம் முன்பு மெத்தைக் கிடங்காக இருந்த இடம். எத்தனை முறை கூட்டினாலும் எங்கிருந்தோ பஞ்சு கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் சாவகாசமாக மிதக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு நிறத்தில் நாற்காலி. நானும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. நான் எழுதுவேன், எல்லோரையும் விரட்டுவேன். அவன் சிரிக்க வைப்பான். எங்களுடையவை குட்டிக் குட்டி நகைச்சுவை நாடகங்கள். ஒன்று முடிந்ததும் விளக்கு அணையும், அடுத்தது தொடங்கும். அணைப்பதில் எங்கள் லைட்டுக்காரர் பெரிய கில்லாடி. சிரிப்பு உச்சிக்கு ஏறுகிற அந்தக் கணத்தில் பட்டென்று அணைத்துவிடுவார். கொஞ்சம் முந்தினால் சிரிப்பு பாதியில் செத்துவிடும், பிந்தினால் ஆறிவிடும் என்பார்.

அப்படி வருகிற இருட்டு சாதாரண இருட்டு இல்லை. முகத்துக்கு நேரே வைத்த கை தெரியாது. மேடை ஓரத்தில் ஒரு தூண் வேறு. அதைத் தாண்டினால் ஒரு படி. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் முதலில் ஓரத்துக்குப் போய், நாக்கை மேலண்ணத்தில் இரண்டு முறை தட்டி 'டக் டக்' என்று ஒலி எழுப்புவேன். இங்கே இருக்கிறேன், வா என்று அர்த்தம். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அவன் வந்துவிடுவான். முதல் நாள் நாடகத்திலிருந்து அப்படித்தான். ஒரு தடவைகூட அவன் தூணில் முட்டியதில்லை.

கொஞ்ச காலமாகத்தான் அவன் வராமல் நிற்க ஆரம்பித்தான். நான் ஓரத்தில் நின்று தட்டிக்கொண்டே இருப்பேன். விளக்கு திரும்ப வரும்போது தம்பி பெரிய துரை மாதிரி நடு மேடையில் தனியாக நிற்பான். ஜனங்கள் அதைப் பார்த்து இன்னொரு முறை கைதட்டுவார்கள். அவன் தலையைச் சாய்த்து அதையும் வாங்கிக்கொள்வான்.

எனக்கு எப்படி இருக்கும்? அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஒரு பத்திரிகைக்காரர் அவனை மட்டும் தனியாகப் புகழ்ந்து எழுதியிருந்தார். நான் எழுதிய வசனம், நான் விரட்டி நடத்திய ஒத்திகை, புகழ் அவனுக்கு. சரி, தொலையட்டும் என்று விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன். ஒத்திகையில் நான் சொன்னதற்குப் பாதி நேரம் பதில் வராது. வந்தால் ஊரே கேட்கிற மாதிரி கத்துவான். மேடையில் ஜனங்கள் பக்கம் முகத்தைக் காட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். "என் மூஞ்சியில என்ன எழுதியா ஒட்டியிருக்கு? அந்தப் பக்கம் திரும்பு" என்று எல்லோர் முன்னாலும் விளாசியிருக்கிறேன். அவன் பல்லைக் காட்டுவான். காது மட்டும் சிவக்கும்.

அவன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே திட்டு வாங்கினாலோ, மனசு நொந்தாலோ அவனுக்குக் காது மடல் இரண்டும் குங்குமமாகிவிடும். எங்கள் அம்மா அவன் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டாள், காதைப் பார்த்துத்தான் பேசுவாள். மேடையில் அழச் சொன்னால் அழுவான், சாகச் சொன்னால் தத்ரூபமாகச் சாவான். காதை மட்டும் அவனால் நடிக்க வைக்க முடியாது. அதனாலேயே தொப்பி வைத்த வேஷம் என்றால் அவனுக்கு உயிர்.

இனி பொறுக்க முடியாது என்று அன்று முடிவெடுத்தேன். இடைவேளைக்குப் பிறகு வருகிற பெரிய நாடகத்தில் கட்டம் போட்ட கோட்டு அணிந்த மேனேஜர் வேஷம், எங்கள் குழுவிலேயே பெரிய வேஷம், எப்போதும் தம்பியுடையது. அதை எடுத்து பேங்க்கிடம் கொடுத்தேன். பேங்க் என்றால் பகலில் வங்கியில் வேலை பார்த்துவிட்டு மாலையில் எங்களிடம் வந்து அல்லாடுகிற மனிதர். நல்லவர். சிரிப்பு வராத நல்லவர். அவருக்கு நான் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன்.

தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவன் கத்துவான், நான் இப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்றெல்லாம். ஒப்பனை அறையில் உடைகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று துணிகளிடம் பேசுவது போலவே, தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டேன்.

"இடைவேளைக்கு அப்புறம் மேனேஜரா பேங்க் நடிக்கட்டும். நீ உக்காந்து பாரு. கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்."

பின்னாலிருந்து, "சரிக்கா" என்றான்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை. ஷூவைத் துடைக்கிற சத்தம்கூட நிற்கவில்லை. உன் வேஷம் யாருக்கு வேண்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. மூக்குக்கு மேல் கோபத்தோடுதான் மேடை ஏறினேன்.

இடைவேளைக்கு முந்தைய ஆட்டத்தின் பெயர் 'ஒத்துக்கோ'. அதற்கு வசனம் கிடையாது. ஜனங்கள் ஓர் இடம் சொல்வார்கள், நானும் அவனும் அங்கே ஆட வேண்டும். ஒரே ஒரு சட்டம்: ஒருவர் எதைச் சொன்னாலும் மற்றவர் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். மறுத்தால் அரங்கமே சேர்ந்து ஊளையிடலாம். இதை நான் ஆரம்பத்திலேயே ஜனங்களுக்கு விளக்கிவிடுவேன். வீட்டில் நானும் அவனும் உப்பு கூடவா குறைவா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. மேடையில்தான் எங்களுக்குள் மறுப்பு கிடையாது.

யாரோ சமையலறை என்றார்கள். "சமையலறையாம்" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தலையாட்டினான். நான் வீட்டுக்காரம்மா ஆனேன், அவன் குடியிருக்கிறவன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"குழாய் நாள் முழுக்க சொட்டிட்டே இருக்கு. மாடியில இருக்கிற எனக்கே கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

அவன் என்னைப் பார்த்தான். மேடையில் எப்போதும் சட்டென்று பதில் கொடுப்பவன், கொஞ்சம் நின்றான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"எனக்குக் காது கேக்கலக்கா."

வீட்டுக்காரம்மாவை அக்கா என்கிறான் என்று முன்வரிசை சிரித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆட்டக்காரி ஒருத்திக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உள்ளே புகுந்தேன். ஐயோ பாவம், அதனால்தான் வாடகை கேட்டால் வானத்தைப் பார்க்கிறாயா என்றேன். சிரிப்பு. அவன் பின்னால் போய் நின்று, சம்பளம் கூடியிருக்காமே, வாடகையைக் கூட்டிவிடட்டுமா என்றேன். அவன் அசையாமல் ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் சிரிப்பு. மேடை ஓரத்தில் நாடகச் சாமான்களோடு எங்கள் பழைய அலுமினியப் பானை மூடி கிடந்தது. எடுத்து அவன் தலைக்குப் பின்னாலேயே தரையில் போட்டேன்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி துள்ளி விழுந்தார். பேங்க் திரைக்குப் பின்னால் "அம்மா" என்றது எனக்கே கேட்டது. தம்பிக்கு ஓர் இமைகூட ஆடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் ஜனங்கள். என்ன நடிகன்டா நீ என்று எனக்கே பெருமையாகிவிட்டது. பெருமை வந்த சூட்டில் பழைய கோபமும் எட்டிப்பார்த்தது. இவ்வளவு கட்டுப்பாடாக நிற்கிறானே, இதற்கு என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்றே, ஜனங்களிடம் ரகசியம் சொல்வது போல வாயருகே கை வைத்துச் சொன்னேன்.

"இவனுக்குக் கைதட்டல்னா பைத்தியம். இந்த ஆளை அனுப்பிட்டு வேற ஆளக் குடி வெக்கப் போறேன். இவன் இல்லன்னா இந்த வீடு இன்னும் நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு ஆவலோடு அவன் காதைப் பார்த்தேன்.

காது வெள்ளையாக இருந்தது.

இரண்டு காதும். விளக்கு வெளிச்சத்தில் ஒளிவு மறைவில்லாமல், காகிதம் போல. நான் காத்திருந்தேன். சிவக்கவில்லை. சிரிப்புச் சத்தம் எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரி இருந்தது. காதை மட்டும் இவனால் நடிக்க வைக்க முடியாதே என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவன் நடிக்கவில்லை. மூடி விழுந்தது இவனுக்குத் தெரியவே தெரியாது. ஒப்பனை அறையில் சொன்ன அந்த 'சரிக்கா'வும் என் தலை ஆடியதை மட்டும் பார்த்து, என்னவென்று தெரியாமல் சொன்ன சரிக்கா.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, சுற்றி வந்து அவன் முன்னால் நின்றேன். அவன் கண் உடனே என் வாய்க்குப் போனது. இத்தனை நாளாக என் முகத்தில் என்ன தேடினான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்போலேந்துடா?" என்றேன். அது வீட்டுக்காரம்மா குரல் இல்லை.

"இடது காது போன மழைக்காலத்துலயே போச்சு. வலது கொஞ்சம் கொஞ்சமா. இப்போ அதுவும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். சளியா இருக்கும், ஆவி பிடின்னு சொன்ன. அப்புறமும் சொன்னேன். சோம்பேறித்தனத்துக்கு இது ஒரு சாக்கான்னு கேட்ட." அவன் சிரித்தான். "வீட்டுல சொன்னா நீ இல்லன்னுதான் சொல்லுவ. இங்கதான் நீ ஒத்துக்கிட்டே ஆகணும்."

அரங்கம் வெடித்தது. ஆட்டத்தின் சட்டத்தையே அவன் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான் அல்லவா? எங்கள் மேடையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. வேண்டாம், அணைக்காதீர்கள் என்று லைட்டுக்காரர் பக்கம் கையைத் தூக்கினேன். அவர் என் கையை எங்கே பார்த்தார்? சிரிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். உச்சியில் பட்டென்று அணைத்தார்.

பழக்க தோஷம். கால் தானாக ஓரத்துக்குப் போனது. நாக்கு தானாக 'டக் டக்' என்றது. தட்டிய பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவன் வரவில்லை. எப்படி வருவான்? அந்த இருட்டில் அவனுக்கு என் முகமும் இல்லை, ஒலியும் இல்லை. இத்தனை நாளும் கைதட்டலுக்காக நிற்கிறான் என்று நான் பல்லைக் கடித்தேனே, அவன் தூண் எந்தப் பக்கம், படி எந்தப் பக்கம் என்று தெரியாமல், யாராவது விளக்கைப் போடுவார்கள் என்று நின்றிருக்கிறான்.

கையை நீட்டிக்கொண்டு திரும்பி ஓடினேன். தூணில் என் தோள் இடித்தது. அவன் சட்டை கையில் அகப்பட்டது, பிறகு விரல்கள். சில்லிட்டுப் போயிருந்தன. அவன் குனிந்து ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு உரக்கக் கேட்டான்.

"அக்கா, சிரிச்சாங்களா?"

இதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்து, அடங்கிக்கொண்டிருந்த அரங்கம் மறுபடி சிரித்தது. இருட்டில் என்னால் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் கையை இரண்டு முறை அழுத்தினேன். உடனே புரிந்துகொண்டு என்னோடு வந்தான்.

திரைக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று எரியும். அதன் கீழே, அடுத்த நாடகத்துக்குத் தயாராக, பேங்க் நின்றிருந்தார். கட்டம் போட்ட கோட்டு அவருக்குத் தோளில் பிடித்து, கை குட்டையாக இருந்தது. தம்பி அதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இவர் ஏன்க்கா என் கோட்டைப் போட்டிருக்காரு?"

இதை நான் அவனுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவன் சரி என்றும் சொல்லியாகிவிட்டது. அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். விளக்கு என் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"பொத்தான் பிஞ்சிருந்தது. தைச்சிட்டு, சரியா இருக்கான்னு போட்டுப் பாக்கச் சொன்னேன்."

சிரிப்பே வராத பேங்க், அன்றைக்கு எங்கள் சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். "ஆமா தம்பி, மூணு பொத்தான். நல்லா உறுதியா தைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

தம்பி பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமாக்கா, தொங்கிட்டுதான் இருந்துச்சு" என்று ஒத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு சிரித்தான்.

அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.