மாப்பிள்ளை இருந்த தீப்பெட்டி

சுமித்ரா ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிளகுக்கொடிகளுக்கிடையே, பெண்கள் நின்றுவிட வேண்டிய பலாமரத்தையும் தாண்டி ஓடினாள். பின்னால் அத்தை பொன்னம்மாள், "புள்ளைக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்க, யாராச்சும் புடிங்க!" என்று கத்தினாள்.

புத்தி கெட்டதற்குக் காரணமே அத்தைதான். அப்பா குப்புசாமியின் பாடை நகர்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுப் பெருமையாகச் சொன்னாள்: "எந் தம்பிக்கு ஒரு கொறையும் வெக்கலீங்க. வெத்தலப்பை, தீப்பெட்டி எல்லாத்தையும் மடியில வெச்சு அனுப்பிட்டேன்." இறந்தவர் புழங்கியதை அவரோடு புதைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஆனால் அப்பா பீடியை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. தீப்பெட்டி எதற்கென்று சுமித்ராவுக்குத் தெரியும்.

அவள் நாமக்கல்லில் மரப்பேன்களை ஆராய்பவள். தொட்டால் மிளகாட்டம் உருண்டுகொள்ளும் பூச்சி. பூச்சிகூட இல்லை; இறாலுக்கும் நண்டுக்கும் உறவு, நிலத்தில் ஏறி வந்தும் செவுளை விடாத வம்சம். தோலைக்கூட ஒரேயடியாக உரிக்காது. பின்பாதி முதலில், முன்பாதி பிறகு. அப்பாவின் தோட்டத்தில் அகப்பட்டது கியூபாரிஸ் பேரினம் என்பதுவரை தெரிந்துவிட்டது. புது இனமா என்று சொல்ல ஆண் வேண்டும். ஆணின் வயிற்றடித் துடுப்புகளில்தான் இனத்தின் அடையாளம் இருக்கிறது. கிடைத்ததோ எல்லாம் பெண்.

"மாப்பிள்ளை பாக்கறேன் கண்ணு" என்று அப்பா கல் கல்லாகப் புரட்டி, அகப்பட்டதைத் தீப்பெட்டியில் போட்டுவைத்தார். சோளக்காட்டுச் சந்தையில் அதையே சொல்லப்போக, மகளுக்குத்தான் வரன் தேடுகிறார் என்று நாலு பேர் ஜாதகத்தோடு வந்துவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் போனில், "இந்தத் தடவ ஒருத்தன் மாட்டிட்டான்னு நெனைக்கறேன், ஞாயித்துக்கெழம வா சாமி" என்றார். விடிவதற்குள் மாரடைப்பு. அழுத அழுகையில் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

அவள் போய்ச் சேர்வதற்குள் குழிக்குள் உடலை இறக்கிவிட்டார்கள். அண்ணன் செங்கோடன் முதல் மண்ணைக் கையில் எடுத்திருந்தான்.

"நில்லுண்ணா! மடியில இருக்கற தீப்பெட்டிய எடு!"

"பொம்பள இங்க வரலாமா? அப்பன் மண்ணுக்குள்ள போறாரு, உனக்குப் பூச்சி கேக்குதா?"

"அவரு எனக்குன்னு புடிச்சதுண்ணா. உள்ள உசுரோட இருக்குது."

செங்கோடன் அவளையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மண்ணைக் கீழே போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினான்.

பெட்டிக்குள் ஈரப்பாசி, அதில் மூன்று உருண்டைகள். சுமித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாடை தூக்கி வந்தவர்களும் கழுத்தை நீட்டினார்கள். முதலாவது விரிந்தது, பெண். இரண்டாவதும் பெண்தான், வயிற்றடிப் பை நிறைய வெள்ளைக் குஞ்சுகள். மூன்றாவதற்கு எந்த அவசரமும் இல்லை. ஒருவழியாகக் கால்களை உதறியதும் விரல் நுனியால் மல்லாத்தி, எப்போதும் கழுத்தில் தொங்கும் லென்ஸைக் கண்ணில் வைத்தாள். துடுப்புகளில் இரண்டு, ஊசிபோல் நீண்டு கிடந்தன.

"மாப்பிள்ளை!" என்று குழியைப் பார்த்துக் கத்திவிட்டாள். "அப்பா, மாப்பிள்ளையேதாம்ப்பா!"

சந்தோஷமும் தாங்கவில்லை, துக்கமும் தாங்கவில்லை. யாரும் அதட்டவில்லை. செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் மண்ணைத் தள்ளினான். தள்ளிவிட்டு, தங்கைக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றான்.

அவள் வலது கையால் மண்ணை அள்ளிப் போட்டாள். மூடிய இடது கைக்குள், தீப்பெட்டியை ஏதோ மெல்லப் பிறாண்டிக்கொண்டிருந்தது.