வலன்ரைனின் மத்தியான நித்திரை

வலன்ரைனை வீட்டின் பின்கதவால் கொண்டுவந்து ஓட்டோவுக்குள் ஏற்றுவது நினைத்த அளவுக்குச் சுலபமாக இருக்கவில்லை. மகன் டிலோஜன் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்க, மகள் றஞ்சிதா கால்களைப் பிடித்து உள்ளே வைத்தாள். மனிதரில் பாரமென்று ஒன்றுமில்லை. ஆனால் வெளியில் போகிற சந்தோசத்தில், தானும் உதவி செய்கிறேன் என்று கையையும் காலையும் நீட்டி, வேலையை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"மெல்லமப்பா. எடித் அக்காவுக்குக் கேட்கப்போகுது," என்றாள் றஞ்சிதா.

"அவ சாப்பிடப் போயிட்டா. திரும்பி வாறதுக்கிடையில கெதியா எடுங்கோவன்," என்றார் வலன்ரைன். குரல் காற்றாகத்தான் வந்தது. கண்ணில் மட்டும் களவாக மாங்காய் பறிக்கப்போகிற பெடியனின் துள்ளல்.

ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பங்குச் சுவாமி வந்து சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெயால் அவருக்கு அவஸ்தை பூசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் செபம் ஓயவில்லை. வங்காலைச் சனம் யாரையும் தனியாகச் சாக விடுகிற சனம் இல்லை. ஒரு கூட்டம் எழும்ப மறு கூட்டம் வந்து கட்டிலைச் சுற்றி உட்காரும். எல்லாரும் அவருடைய நல்மரணத்துக்காகத்தான் மன்றாடினார்கள். அந்த அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முன்னின்று சொல்கிற எடித்தின் குரல், ஒலிபெருக்கி பழுதான பெருநாளிலும் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவர்வரை போய்ச் சேருகிற குரல். வலன்ரைன் கண்ணை மூடினால் போதும், நேரம் வந்துவிட்டதென்று அந்தக் குரல் இன்னும் ஒரு பிடி உயரும். அவர் திடுக்கிட்டு முழித்துக்கொள்வார்.

டென்மார்க்கிலிருந்து ஓடிவந்த றஞ்சிதாவாலேயே அந்த வீட்டில் கண் மூட முடியவில்லை. பாலத்துக்கு அப்பால், தீவுக்குள், கீரிக் கடற்கரையில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டாள். தகப்பன் சாகக் கிடக்க மகளுக்கு ஹோட்டல் கேட்குதோ என்று ஊர் கதைத்தது. அவளுக்கும் மனம் குத்தாமல் இல்லை. அன்று காலை அப்பாவிடம் போய், "அங்க அலைச் சத்தம் மட்டும்தானப்பா, நல்லா நித்திரை கொண்டன்," என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. ஒருக்கா நித்திரை கொள்ளவேணும்."

டிலோஜன் பாய்ந்து விழுந்தான். "வீட்டில கிடக்கவேண்டிய மனிசன் அக்கா. அங்க வைச்சு ஏதும் நடந்தால் ஊர் எங்களைச் சும்மா விடுமே?" அவன் கேட்டதில் பிழையில்லை. அவன்தான் இந்த ஊரில் தொடர்ந்து சீவிக்க வேண்டியவன். அவனை அடக்கியது அம்மா பிரான்சிஸ்கா. "மூண்டு மணிச் செபத்துக்கு வந்தினமெண்டால் நான் அறை வாசல் திரைச்சீலையை இழுத்துவிட்டுட்டு, அவர் நித்திரை எண்டு சொல்லுறன். பொய்யில்லைத்தானே. எங்கை கொண்டால் என்ன?"

ஹோட்டல் வாசலில் மேற்பார்வையாளர் காமில், வழி மறித்து நின்ற கழுதையைத் துரத்திவிட்டு, தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தட்டில் குளிர்ந்த துவாய் வந்தது. வலன்ரைன் முகத்தைத் துடைத்து, கழுத்தைத் துடைத்து, கக்கத்தையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். காமில் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நல்ல மனிதர். வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய வலையை மிதப்புகளோடு விரித்து மாட்டியிருந்தார்கள். ஆயுள் முழுக்கக் கடலில் வலை இழுத்த வலன்ரைன் அதை அண்ணாந்து பார்த்தார்.

"காயப்போட்டிட்டு எடுக்க மறந்துபோனியளோ?"

"அழகுக்கு வைச்சது ஐயா."

"அழகுக்கோ!" வலன்ரைன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகும் சிரித்தார். அப்பா இப்படிச் சிரித்து றஞ்சிதா கேட்டு எவ்வளவோ காலம்.

அறையில் கண்ணாடிக் கதவு முழுக்கக் கடல். அவர் பார்க்கட்டும் என்று நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"கடலை என்னத்துக்குப் பாக்கிறது? பாத்ததெல்லாம் காணும், போதும். நான் நித்திரை கொள்ள வந்தனான். சீலையை மூடு."

மூடினாள். கட்டிலில் துவாயை மடித்துச் செய்து வைத்திருந்த அன்னப்பறவையைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டு, காமிலின் உதவியோடு அவரை வெள்ளை விரிப்பில் கிடத்தினாள். அவர் உள்ளங்கையால் மெத்தையை அமத்திப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். எல்லாம் சரியென்பதுபோலத் தலையசைத்தார்.

"நானா எழும்பும்வரை ஆரையும் எழுப்ப விடாதை."

"விடமாட்டனப்பா."

வெளியே நீச்சல் தடாகத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் திறக்குமுன்பே காமில் போய் அதை நிறுத்தினார். அறைக்குள் ஏசியின் இரைச்சலும், அதற்கப்பால் மெல்லிய அலையும் மட்டுமே மிஞ்சின. கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கியது. சின்ன வயதில் அந்தக் குறட்டைக்காக அவளும் தம்பியும் அம்மாவிடம் முறையிட்டிருக்கிறார்கள். இப்போது கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு, ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி கழிய, வீட்டில் அம்மாவோடு நின்ற டிலோஜன் போன் எடுத்தான். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, வீட்டு ஹோல் முழுக்கச் சனம். எடித் அக்கா தீர்த்தம் தெளிக்கப் போறனெண்டு சீலையைப் பிடிக்கிறா. அம்மா கதிரையைப் போட்டு மறிச்சுக்கொண்டிருக்கிறா. எனக்கு வேர்க்குது. கொண்டந்து விடக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"இப்பதான் நல்ல நித்திரையடா."

"ஏதும் நடந்தால்?"

அவள் கதவை நீக்கி எட்டிப் பார்த்தாள். அப்பா வாயைப் பிளந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே எறிந்து, கட்டிலின் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். குறட்டைக்கும் குறட்டைக்கும் இடையில் நேரம் நீண்டிருந்தது. அது என்னவென்று அவளுக்கு விளங்காமல் இல்லை. இப்போதே தூக்கினால், பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். ஊருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். ஆனால் தூக்கினால் அவர் முழித்துவிடுவார்.

"எழுப்பமாட்டன்," என்றாள். "வாற பேச்சை நான் வாங்கிறன். நீ அம்மாவுக்குப் பக்கத்தில இரு."

திரும்பி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடி இறுகினால் முழித்துவிடுவாரோ என்று விரல்களைத் தளர்த்திக்கொண்டாள். ஒரு குறட்டை வந்தது. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று, பெருமூச்சுப்போல. அதற்குப் பிறகு அலைச் சத்தம் மட்டும்தான். அவள் காத்திருந்தாள். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். பிளந்திருந்த வாயை மெல்ல மூடிவிட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தாள். அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுதாள்.

பிறகு வீட்டுக்கு அழைத்தாள். எடுத்தது அம்மா. பின்னால் செபம் ஓங்கி ஒலித்தது; எடித் வீறாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அப்பா..."

செபமாலையில் ஒரு மணி முடிந்து மறு மணி தொடங்கியது.

"நித்திரை கொண்டவரோ?" என்று பிரான்சிஸ்கா கேட்டாள்.

"ஓமம்மா. குறட்டை விட்டவர்."

"குறட்டையோ." அம்மாவின் மூச்சில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து உடைந்தது. "அப்ப நல்ல நித்திரைதான். அது காணும் பிள்ளை."

"என்னைப் பேசுவினமம்மா."

"பேசட்டும். அவரை அனுப்பினது நான்தானே." குரலைத் தாழ்த்தினாள். "இவையள் செபத்தை முடிக்கட்டும். பிறகு சொல்லுறன். இடையில நிப்பாட்டினால் எடித் மனம் நோவா. நீ போனை வையாதை, அப்பிடியே இரு."

அம்மா போனை மடியில் வைத்திருக்க வேண்டும். சீலை விலகாத வெறும் அறைக்கு முன்னால் வங்காலைப் பெண்கள் ஒரே குரலில் வலன்ரைனுக்கு நல்மரணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எடித்தின் குரல் உயர்ந்து, அந்தக் குளிர்ந்த அறைக்குள்ளும் வந்து நிறைந்தது.

றஞ்சிதா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் போனின் சத்தத்தை, தனக்கு மட்டும் கேட்கும் அளவுக்குக் குறைத்தாள்.