கண்ணூறு கழித்த பின்னேரம்

ஜேர்மனியில், டோர்ட்மண்டில் தேனுஜாவோடு வேலை செய்யும் வங்காளத்துப் பெண் ஒருநாள் தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னாள். பிழைப்புத் தேடிப் புருசன் தூரதேசம் போன வீட்டுக்கு, அவனுடைய உருவத்திலேயே ஒரு பேய் வந்து குந்திக்கொண்டதாம். வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். தேனுஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கும் அப்பிடியொண்டு வந்தா நல்லம். கோப்பையாவது கழுவும்" என்றாள். வாய் சும்மா கிடந்தால்தானே.

அவள் புருசன் சுலக்ஷன் லொறி ஓட்டுகிறவன். திங்கள் போலந்துக்குப் போனால் சனிதான் முகம் காட்டுவான். காட்டினாலும் சோபாவில் கிடந்தபடி தண்ணீர் கேட்பான். அந்த வாரம் மட்டும் புதன்கிழமையே வந்து நின்றான். "ஓட்டம் நிண்டுபோச்சு" என்றான். லொறி எங்கே என்று அவள் கேட்கவில்லை. வந்த கையோடு கோப்பைகளைக் கழுவினான். இரண்டு வயது லவினியாவைத் தூக்கியவன் இறக்கவேயில்லை. அப்படியொரு மனுசனை வைத்துக்கொண்டு யார்தான் விசாரணை நடத்துவார்கள்? பிள்ளைதான் முதல்நாள் முழுக்க அவன் கையில் கத்தியது. பிறகு அடங்கிவிட்டது.

வெள்ளி மத்தியானம் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். அவன் உள்ளே வரவில்லை, பிள்ளையோடு காரிலேயே இருந்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும், "உமக்குக் குடுத்துவைச்சிருக்கு" என்றார்கள். தேனுஜாவுக்கு உள்ளூரப் பெருமை. கூடவே பயம், இத்தனை கண்ணும் பட்டால் என்னாவது?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த, புகை பட்டால் அலறும் மணியைப் பொலித்தீன் பையால் கட்டினாள். இல்லாவிட்டால் முழுக் கட்டிடமும் படியில் வந்து நிற்கும். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த அவனையும் சேர்த்துச் சுற்றி, அடுப்பில் காய்ந்த தாச்சிச் சட்டியில் போட்டாள்.

நெடி குப்பென்று கிளம்பியது. அவள் இருமினாள், பிள்ளை இருமியது. மிளகாய் வறுபடும் சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடுகிற சுலக்ஷன், தாச்சிக்கு மேலே முகத்தை நீட்டிக்கொண்டு சும்மா நின்றான். நெடி ஏறாதவருக்குத்தான் கண்ணூறு கூடுதல் என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"பாருங்கோ, எவ்வளவு கண்ணூறு உங்களுக்கு" என்று இன்னொரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டாள்.

தொலைபேசி அடித்தது. சுலக்ஷன் என்று பெயர் காட்டியது.

"தேனு, சார்ஜர் பழுதாப் போச்சு, அதுதான் எடுக்கேல்லை. இன்னும் போலந்திலதான் நிக்கிறன். நாளைக்கு வாறன். பிள்ளை என்ன செய்யிறா?"

பின்னால் லொறி இரைவது கேட்டது. எதிரே நின்றவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கையிலிருந்து பிள்ளையை வாங்கிவிட்டால் போதும் அவளுக்கு.

"பிள்ளையைத் தாங்கோ" என்றாள். "இந்தப் புகை அவவுக்கு ஏலாது."

"இனி ஏலும்" என்றான் அவன்.

தாச்சியில் மிளகாய் கருகியது. மூச்சு விட முடியாமல் குனிந்து இருமியவள் நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், வீட்டில் இருமுவது தான் ஒருத்தி மட்டும்தான். லவினியா அவன் தோளில் சாய்ந்தபடி, கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.