எடுக்கவா, வைக்கவா

ராஜாவின் ராஜ்யம் என்று பார்த்தால் ஒரு சின்ன அறைதான். சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, நடுவில் ஒரு மைக், எதிரே படம் ஓடும் திரை, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. வேறு மொழியில் எடுத்த புராணத் தொடர்களுக்கு இங்கே தமிழில் குரல் கொடுப்பார்கள். எந்தத் தொடர் வந்தாலும் அதில் கிரீடம் வைத்த ஆசாமிக்கு இவர்தான் குரல். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை எல்லோரும் மறந்து, வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் வரைக்கும் ராஜா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ராஜாவின் தொண்டையில் இப்போது ஒரு கட்டி. மிளகு அளவுதான் என்றார் டாக்டர். எடுத்துவிடலாம், ஆனால் எடுத்தால் குரல் பழையபடியே இருக்குமென்று சொல்ல முடியாது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் வைத்தால் மிளகு மிளகாகவே இருக்குமென்றும் சொல்ல முடியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நல்லா யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாரே பார்க்கலாம்! முடிவு பண்ணத் தெரிந்தால் இவர் ஏன் டாக்டரிடம் போகிறார்? இன்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால், அறுவைக்குக் குறித்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ராஜா காலையிலிருந்து மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை அணைக்கவும் மனமில்லை, எடுக்கவும் தைரியமில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டு மைக் முன்னால் வந்து நின்றார்.

அன்றைக்கு வந்த காட்சியும் சும்மா இல்லை. அரசன் முடிசூடிய நாளில் தெய்வம் வானத்திலிருந்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. 'உன் வாள் உன் வீட்டைக் காக்கும்' என்பது வாக்கு. இப்போது சொந்தத் தம்பியே படை திரட்டி வந்து எதிரே நிற்கிறான். வீடு என்று தெய்வம் சொன்னது யாரை? கூடப் பிறந்தவனையா, பெற்ற பிள்ளைகளையா? வாளை எடுத்தால் தம்பி போவான். எடுக்காவிட்டால் பிள்ளைகள் போவார்கள். தெய்வங்களிடம் இதுதான் தொல்லை. ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எந்த அசரீரியாவது தெளிவாகப் பேசி யாராவது கேட்டதுண்டா? அரசன் வாளை மண்ணில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பதிலுக்கு அசரீரி ஒலிக்க வேண்டும்.

"அசரீரி என்ன சொல்லுது?" என்று ராஜா தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"தெய்வத்தோட பதிலை ஆபீஸ்ல இன்னும் முடிவு பண்ணல சார்" என்றாள் வசனம் எழுதும் பெண், கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி. "மூலத்துல வெறும் இடிச் சத்தம்தான் இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு வார்த்தை வேணுமாம். நீங்க கேள்வியைக் கேட்டு வைங்க, பதில் வந்ததும் ஒட்டிக்கலாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று ராஜா நினைத்துக்கொண்டார். இங்கே சாமியே ஆபீஸ் உத்தரவுக்குக் காத்திருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இருந்தான். ஊசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்வான் என்பதால் அவனுக்குக் காது என்று பெயர். ராஜாவின் காதில் மாட்டிய ஹெட்போனில் பேச அவனிடம் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால்தான் அவன் குரல் உள்ளே வரும். வயதான பொத்தான் அது. சில நேரம் தானாக அமுங்கும், தானாக எழும்பும். அதைச் சரிசெய்யச் சொல்லி அவன் கேட்காத நாளில்லை, செய்து கொடுக்கிற ஆள்தான் இல்லை.

"போகலாம் அண்ணே" என்றது ஹெட்போன்.

திரையில் அரசனின் உதடு அசைந்தது. ராஜா மூச்சை இழுத்தார். "தெய்வமே! என்னை அரியணையில் ஏற்றியவன் நீ. இப்போது நீயே சொல். எடுக்கவா, வைக்கவா?"

கேட்டது அரசனா, இவரா என்று அவருக்கே தெரியவில்லை. வாளை நினைத்துத்தான் ஆரம்பித்தார். கடைசி வார்த்தைக்கு வரும்போது கை தன்னையறியாமல் தொண்டையைத் தொட்டிருந்தது. குரல் லேசாக உடைந்தது.

பிறகு இரண்டு காதுக்குள்ளும், குகைக்குள்ளிருந்து வருவதுபோல் அதிர்ந்துகொண்டு, ஒரு பெண் குரல் கேட்டது.

"எடு... எடு... எடு..."

ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடியைப் பார்த்தார். காது குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"காது! நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எங்கண்ணே சொன்னேன்? கடைசியில குரல் உடைஞ்சிடுச்சு. இன்னொண்ணு போயிடலாமா?"

வாழ்நாளெல்லாம் எத்தனை தெய்வங்களிடம் கேள்வி கேட்டிருப்பார்! ஒன்றாவது திரும்பிப் பேசியதுண்டா? ராஜாவுக்குப் பயமும் வந்தது, கொஞ்சம் நிம்மதியும் வந்தது. சரி, எடுத்துவிட வேண்டியதுதான். தெய்வமே சொன்ன பிறகு என்ன? இருந்தாலும் மனித மனசு இருக்கிறதே, அது சாமியிடமும் ரசீது கேட்கும். இரண்டாம் முறை வேண்டுமென்றே நிதானமாகக் கேட்டார். "எடுக்கவா, வைக்கவா?"

"வை... வை... வை..."

அதே குரல், அதே குகை. இந்த முறை கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

ராஜா ஹெட்போனைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். முதலில் எடு என்றது. இப்போது வை என்கிறது. மறுபடி கேட்டதால் கோபித்துக்கொண்டதா? இல்லை, முதல் பதில் அரசனுக்கு, இரண்டாவது பதில் தனக்கா? இல்லை, மாற்றியா? கட்டி தொண்டையிலிருந்து மூளைக்கு ஏறிவிட்டதோ? ஒரு வாளுக்கும் ஒரு மிளகுக்கும் சேர்த்து ஒரே தெய்வத்தைக் கேட்டது தன் தப்புதானோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"காது, இந்தக் கட்டடத்துல யாராவது செத்திருக்காங்களா?"

"என்னண்ணே கேக்கறீங்க!"

"ஒரு பொம்பளை குரல் எங்கிட்ட பேசுது. எடுங்குது, வைங்குது."

காது திருதிருவென்று விழித்தான். பிறகு மேசையைப் பார்த்தான். பொத்தான் அமுங்கியே கிடந்தது. அதை ஒட்டி அவன் கைப்பேசி. தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, அண்ணி! அண்ணிதான் எனக்கு போன் பண்ணாங்க. கையில வேலையா இருந்தேன், ஸ்பீக்கர்ல போட்டு இங்க வெச்சேன். பொத்தான் சனியன் பாதிப் பேச்சை உள்ள விட்டுடுச்சு. அசரீரிக்குன்னு எதிரொலி வேற போட்டு வெச்சிருந்தேனா..."

"என்ன சொன்னா?"

"'அவரை போனை எடுக்கச் சொல்லுங்க'ன்னாங்க. டேக் போகுதுன்னேன். 'சரி வைங்க தம்பி, நானே வர்றேன்'னாங்க."

வசனம் எழுதும் பெண் கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் உள்ள குரலையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்கிற மனிதர் அவர். கட்டிய மனைவியின் குரலைத் தெய்வம் என்று நினைத்திருக்கிறார். அவமானமா, வேறெதாவதா என்று புரியாமல் அவர் அங்கேயே நின்றார்.

சொன்னபடியே அவள் வந்தாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். வந்த அவசரத்தில் அளவெடுக்கும் நாடா கழுத்திலேயே தொங்கியது. காதும் வசனப் பெண்ணும் தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினார்கள்.

"ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் பேசறாங்க. நீங்க எடுக்கலையாம். என்ன சொல்லட்டும்?"

ராஜா ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீ எடுன்னு சொன்னியே... போனையா, கட்டியையா?"

"போனைத்தான். கட்டியை எடுங்கன்னு டாக்டர் சொன்ன அன்னையில இருந்து சொல்றேன். எதிரொலி இல்லாம சொன்னா உங்களுக்குக் காதுல விழாதே!"

"குரல் போயிட்டா?"

"போகட்டும்."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. இந்தக் குரலை வெச்சுத்தான் நான் ராஜா."

அவள் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாங்கன்னு பழமொழி சொல்லுவாங்க. எனக்கு ரெண்டும் ஒரே ஆளு. அப்படியும் ஒண்ணும் கையில இல்ல. வீட்டுக்கு வந்தா, நாளைக்குத் தொண்டை வேணும்னு வாயைத் திறக்க மாட்டீங்க. சைகையில தண்ணி கேப்பீங்க. உங்க குரலைக் கேக்கணும்னா நானும் தெருவுல இருக்கறவங்க மாதிரி டிவியைத்தான் போடணும். எந்தக் குரலுக்காக நான் பயப்படறது, சொல்லுங்க? எனக்கு ஆளு வேணும்."

ராஜா பைக்குள் கையை விட்டுக் கைப்பேசியைத் துழாவி எடுத்தார். ஆஸ்பத்திரியை அழைத்தார். "எடுத்துடுங்க" என்று சொல்லி வைத்தார்.

முடிவு சரியா தப்பா என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. திரையில் அரசன் இன்னமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இன்னும் பதில் வரவில்லை, பாவம்.

"அறுக்கற வரைக்கும் இந்தக் குரல் இருக்குல்ல?" என்றாள் அவள், பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. "எனக்கு ஏதாவது பேசுங்க."

ராஜா வாயைத் திறந்தார். நாவின் நுனியில் வந்து நின்றதெல்லாம் அரசர்கள் பேசியது. சபதம் இருந்தது, சாபம் இருந்தது, தெய்வமே என்று ஆரம்பிக்கிற வசனம் எத்தனையோ இருந்தது. பெண்டாட்டியிடம் பேச ஒன்றும் இல்லை. கடைசியில், எந்தத் தொடரிலும் எந்த அரசனும் கேட்காத ஒன்றைக் கரகரத்த குரலில் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.