ஃப்ரீசரில் கேட்ட குரல்கள்

வேலூரில் ஒரு பொது சுகாதார ஆய்வு நிலையத்தின் ஃப்ரீசரில் இருந்த ரத்தக் குழாய்கள், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ வந்த நேரத்தில் பேசத் தொடங்கின. தோல் பதனிடப் போடும் குரோமியம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஆம்பூர் டேனரித் தொழிலாளிகளிடம் எடுத்த ரத்தம் அது. ஒவ்வொரு குழாயும் ரத்தம் கொடுத்தவரின் குரலிலேயே கேட்டது: "எனுக்கு இன்னா இருக்குதுன்னு சொல்லவேயில்லியே?"

அங்கே மருத்துவ அறவியல் கற்பிக்கச் சேர்ந்திருந்த கிறிஸ்டினாவுக்குக் கேள்வி நியாயமாகப் பட்டது. முடிவுகளை அவரவரிடம் சொல்ல வேண்டும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். சொல்வதாக நாம் ஒப்புக்கொள்ளவில்லையே என்றது குழு. மறுபடி எழுதினாள். விஷயம் துணைக்குழுவுக்குப் போனது, துணைக்குழு கலைந்தது, புதிய குழு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. அதற்குள் நிலைய இயக்குநர் சூரியபிரகாஷ் அந்த ரத்தத்தைப் பற்றி ஜெனீவா வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். சத்தம் வெளியே வராமலிருக்க ஃப்ரீசர் அறைச் சுவரில் தெர்மகோல் ஒட்டினார்கள். அவளிடம் படித்தவர்கள் பேராசிரியர்களானார்கள். அவள் உதவிப் பேராசிரியராகவே இருந்தாள்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தப் பேஜாரு? தொழிலாளிங்க சம்மதத்தப் பத்தி ஒரு பேப்பர் போடுங்க, பிரமோஷன் வந்துடும்," என்றார் சூரியபிரகாஷ், அக்கறையோடுதான். போட்டாள். உலகமெங்கும் அதை மேற்கோள் காட்டினார்கள். பிரமோஷன் வரவில்லை. குழாய்கள் கேட்பதை நிறுத்தவுமில்லை.

ஒரு நாள் அனுமதிக்குக் காத்திராமல் ஆம்பூர் பஸ் ஏறினாள். டேனரியில் தோலைப் பதனிடும் டிரம்மிலிருந்து ஈரத்தோல் இழுத்துப்போட்டவள் எல்லம்மா. இப்போது மூச்சிரைப்போடு வீட்டிலிருந்தாள்.

"டிரம்முல போடுற குரோமியம் உங்க ரத்தத்துல ஜாஸ்தியா இருந்துச்சும்மா. அப்பவே சொல்லியிருக்கணும்."

"அப்பவே சொல்லியிருந்தா எம் பொண்ண அதே டிரம்முக்கு அனுப்பியிருக்க மாட்டேன்," என்றாள் எல்லம்மா. "அவ வேலைக்குப் போனப்புறம் பாரதிகிட்டயும் வந்து ரத்தம் எடுத்தாங்களே, அதுல இன்னா இருக்குது?"

கிறிஸ்டினாவுக்குத் தெரியும். "அத அவங்ககிட்டதான் சொல்லணும். வரட்டும்," என்று சொல்லி, ஷிப்டு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து பாரதி டேனரிக்குப் போகவில்லை. ஃப்ரீசரில் இரண்டு குழாய்கள் அடங்கின. அதற்கு முன் எந்தக் கடிதத்துக்கும் அசையாத குழு, அனுமதியின்றி முடிவைச் சொன்னதற்காக அந்த வாரமே கூடி அவளிடம் விளக்கம் கேட்டது. அவள் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பலர் ஊர் மாறியிருந்தார்கள், சிலர் இறந்திருந்தார்கள். அவர்களுடைய குழாய்கள் இன்னும் கேட்கின்றன. அந்த அறைக்குள் நின்று போன் பேச முடியாது என்பதைப் புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.