பாப்பாரப்பட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர்

மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற அன்று காலையில் சந்திரமோகன் ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டான். அதை விழுங்கிய ஒரு மடக்கோடு சரி, அப்புறம் தண்ணீரைத் தொடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புளி உலுக்க ஏறியவன், கிளை முறிந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டான். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். மூத்திரப்பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்கும். வேட்டி நனைந்த பிறகுதான் இவனுக்கே தெரியும். அதை அடக்கத்தான் அந்த மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் டியூப் விட்டு எடுக்கவும் வேண்டும். மாத்திரையைக் கூட்டாதே, தண்ணீரைக் குறைக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டாக்டருக்கென்ன, அவரா சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்காரப் போகிறார்? போன மாசம் பங்காளி வீட்டு விசேஷத்தில் பந்தியிலேயே நனைந்துபோய், மகள் தேவிப்பிரியா தரையைத் துடைத்தாள். அவள் ஆசைப்பட்ட இடம் இது. தன்னால் கெட்டுவிடக் கூடாது.

பென்னாகரத்திலிருந்து வேன் கிளம்பியதிலிருந்து வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"மணி என்னாச்சு?"

"சும்மா இருங்க. கெளம்பறப்பத்தான டியூப் வுட்டம்?" என்றாள் மனைவி சுகுணா. இதைப் பற்றி அங்கே வாயே திறக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

பாப்பாரப்பட்டியில் மாப்பிள்ளையின் அம்மா தீர்த்தம்மாள் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். இவர்கள் சொந்தபந்தத்தில் பெண்ணைப் பெற்றவன் அதைக் குடித்தால் சம்மதம். கீழே வைத்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எத்தனையோ பேருக்குப் பெண் பேசி முடித்தவன்தான் இவன். பயத்தில் அதையே மறந்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டான்.

மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"ஏனுங்க, எங்க வூடு புடிக்கலைங்களா?" என்றாள் தீர்த்தம்மாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சொல்ல வாயைத் திறந்தான். இரட்டை மாத்திரையில் வாய் வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு சொல் வரவில்லை. தீர்த்தம்மாளின் முகம் சுண்டிப்போனது. சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட சுகுணா முந்தானையைப் பிசைந்தாள்.

சந்திரமோகன் குனிந்து எட்டிச் சொம்பை எடுத்து மடமடவென்று முழுசாகக் குடித்தான்.

"புடிச்சிருக்குதுங்க. ரொம்பப் புடிச்சிருக்குது. எனக்கு மூத்திரம் கட்டுல நிக்காதுங்க. டியூப் வுட்டுத்தான் எடுக்கோணும். உங்க முன்னால அசிங்கமாயிருமோன்னுதான் தண்ணி குடிக்கல."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தீர்த்தம்மாள் புருஷனிடம் திரும்பினாள்.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? உள் ரூமு கட்டிலைக் காலி பண்ணுங்க. எந்நேரமானாலும் சம்பந்தி அங்கயே டியூப் வுட்டு எடுத்துக்கட்டும்."

சம்பந்தி என்று அவள் சொன்னதும் சந்திரமோகனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க அவன் மெனக்கெடவில்லை. காலிச் சொம்பை நீட்டி, "இன்னங் கொஞ்சம் குடுங்க" என்றான்.